தோடியில் அந்த இடம்

ரசிகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற ஆளைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறவரைச் சொல்லவில்லை. பாட்டு முடிவதற்குள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அபிப்பிராயம் சொல்லத் தயாராகிறவரைச் சொல்கிறேன். அந்த ரகத்தை மொத்தமாகவும் பக்கத்திலிருந்தும் பார்க்கும் பாக்கியம் எனக்குப் போர்ட் பிளேரில் கிடைத்தது.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி மதுரையிலிருந்து அங்கே போனேன். கணவருக்குப் பொதுப்பணி ஆபீசில் குமாஸ்தா வேலை. லம்பா லைனில் மரச்சுவரும் தகரக் கூரையுமாக ஒரு குவார்ட்டர்ஸ். கப்பலில் நான் கொண்டுபோன சாமான்களில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனது என் சுருதிப்பெட்டி ஒன்றைத்தான். சின்ன வயதிலிருந்து முறையாகப் பாட்டுப் படித்தவள் நான். எனக்கு ஐந்து கட்டைக் குரல், அதாவது நல்ல உயர்ந்த சுருதி. மேல் பஞ்சமம் வரைக்கும் சிரமமில்லாமல் போகும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்லவேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

ஊரில் ஒரு ரசிகர் சபை இருந்தது. தலைவர், என் கணவருடைய ஆபீசின் பெரிய என்ஜினீயர். தஞ்சாவூர்ப் பக்கம். ஹாடோவில் துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் அவர் பங்களா. அவரிடம் ஒரு ஜெர்மன் டேப் ரிக்கார்டர் இருந்தது. பெரிய சக்கரங்கள் இரண்டு சுழலுமே, அந்த வகை. நாடாக்களைத் தருவித்துக் கொடுப்பவர் ஒரு மரக் கான்ட்ராக்டர். பாராடாங் காட்டில் மரம் வெட்டுகிற வேலை, சொந்த ஊர் ராமநாதபுரத்துப் பக்கம். அவருடைய மைத்துனர் சென்னையில் கச்சேரிகளைப் பதிவு செய்து கப்பல் வரும்போதெல்லாம் அனுப்பிவைப்பார். அந்த ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காகத் தலைவர் ஒரு பீரோவுக்குள் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டு, நாடாக்களை உள்ளே அடுக்கி வைத்திருந்தார். பீரோவைத் திறக்கும்போது கர்ப்பக்கிரகக் கதவு திறப்பதுபோல எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நான் மிகைப்படுத்தவில்லை. நிஜமாகவே எழுந்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். ஆண்களுக்கு ஹாலில் பிரம்பு நாற்காலி. பெண்களுக்கு உள் அறையின் வாசற்படியை ஒட்டிப் பாய். ஒரு நாடா ஓடி முடிந்ததும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முறை இருந்தது. யாருக்குச் சம்பளம் அதிகமோ அவர் முதலில். பிறகு அவருக்குக் கீழே உள்ளவர். இப்படியே இறங்கிக் கடைசியில் என் கணவர் போன்ற குமாஸ்தாக்கள். மேலே உள்ளவர் ‘கம்பீரம்’ என்றால் கீழே உள்ளவர் ‘மகா கம்பீரம்’ என்று வேண்டுமானால் சொல்லலாம், வேறு மாதிரி சொல்லக் கூடாது. என் கணவர் முறை வருவதற்குள் சொற்களெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதற்கு நல்ல பலன் இருந்தது. ‘உங்க வீட்டுக்காரர் நெஜமான ரசிகர்மா’ என்று தலைவர் ஒருநாள் என்னிடமே சொன்னார். வீட்டில் இட்லிக்கும் தோசைக்கும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிடுகிற மனிதர் அவர்.

அந்தச் சபையின் குலதெய்வம் ஒரு பாடகி அம்மாள். அவருடைய நாடாக்கள்தான் அதிகம். எந்த வாரம் வேறு யார் பாடினாலும் கடைசியில் அந்த அம்மாளின் தோடி ஆலாபனையைப் போட்டுத்தான் முடிப்பார்கள். அந்தத் தோடியில் ஒரு இடம். மேலே போய்க்கொண்டிருக்கிற குரல் காந்தாரத்துப் பக்கத்தில் சட்டென்று அறுபட்டு, ஒரு சின்ன வழுக்கலோடு மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். அது வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தலைவர் ஆட்காட்டி விரலைத் தூக்குவார். ஹாலில் மூச்சு நிற்கும். அந்த இடம் வரும். ‘அடடா’ என்று தலைவர் விரலைக் கீழே இறக்குவார். ‘ஏக்தம் ஒரிஜினல் சார், மெயின்லேண்ட்ல இப்ப ஒருத்தனுக்கும் இது வராது’ என்பார் கான்ட்ராக்டர், அந்த ஊர் இந்தியைக் கலந்து. என் கணவர் கர்ச்சீப்பை எடுப்பார்.

முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அம்மாளை மதுரையில் நேரில் கேட்டிருக்கிறேன். என்னைப் போலவே ஐந்து கட்டை. மணி அடித்த மாதிரிக் குரல். இங்கே கேட்டதோ நாலு. போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல, கால் வீங்கினவர் நடப்பது போல ஓடியது. ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். பல்பு செக்கச் சிவப்பாக அழுதுகொண்டிருந்தது. மின்விசிறியின் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். சாயங்காலமானால் அந்த ஊர் பவர் ஹவுஸ் டீசல் என்ஜினுக்கு மூச்சு வாங்கும். ஊர் முழுக்க அப்படித்தான். விசிறி மெதுவாகச் சுற்றினால் நாடா மட்டும் எப்படி ஒழுங்காகச் சுற்றும்? இதற்கு என்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. படித்தவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். விளக்கு மங்கியதற்காகப் பவர் ஹவுஸுக்குப் போன் போட்டுச் சத்தம்கூடப் போட்டார். போனை வைத்துவிட்டு வந்து, ‘என்ன ஒரு விஸ்ராந்தி, என்ன ஒரு சௌக்கம்’ என்று அந்த மந்த கதியையே மெச்சி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் சுருதிப்பெட்டியைக் கையோடு எடுத்துப் போனேன். நாடா ஓடும்போது மெல்ல அழுத்திக் காட்டினேன். ‘சார், அந்தம்மா பாடுறது அஞ்சு கட்டை. இங்க நாலுதான் வருது. கரண்ட் கம்மியா இருக்குல்ல, அதனால மிஷின் மெதுவா ஓடுது’ என்றேன்.

பாயில் இருந்த பெண்கள் என்னைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். குழந்தையிடம் பேசுவதுபோலச் சிரித்தார்.

‘அம்மா, நீங்க கப்பல்ல கொண்டுவந்தேளோல்லியோ, பெட்டிக்குள்ள உப்புக் காத்து பூந்துடுத்து. ரீடு கெட்டுப்போயிடுத்து. அதை நம்பிண்டு ஒரு மகா வித்வத்தைக் கொறை சொல்லாதேங்கோ.’

‘பெட்டிதான் கெட்டுப்போச்சு, பக்கா’ என்றார் கான்ட்ராக்டர். மற்றவர்களும் சம்பள வரிசைப்படி என் பெட்டி கெட்டுப்போயிற்று என்றார்கள். கடைசியில் என் கணவரும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில், ‘இந்தாரு, அவரு மனசு வச்சா நாளைக்கே என்னைக் கார் நிக்கோபார் தீவுக்குத் தூக்கி அடிச்சிருவாரு. கட்டையாவது மண்ணாங்கட்டியாவது’ என்றார்.

ஒருமுறை தலைவர் சாயங்காலம் லாஞ்சில் டூர் போக வேண்டியிருந்ததால் சபை காலையில் கூடியது. காலையில் கரண்ட் நன்றாக இருக்கும். அன்றைக்கு அந்த அம்மாள் அவருடைய சொந்தக் குரலில், பளிச்சென்று ஐந்து கட்டையில் பாடினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மதுரைக்கே போய்விட்டு வந்தேன். ஹாலில் ஒரே முகச்சுளிப்பு. ‘காலம்பற மிஷின் இன்னும் சூடாகலை, அதான் தலைதெறிக்க ஓடறது’ என்றார் தலைவர். காலையில் நாடா போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவாயிற்று. உண்மை வீடு தேடி வந்து கதவைத் தட்டினால்கூட இவர்கள் நேரம் சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான், நவராத்திரி மட்டும் இல்லாவிட்டால். கோயிலில் நவராத்திரிக்கு ஒரு சாயங்காலம், ஒரு மணி நேரம், உள்ளூர்ப் பெண் ஒருத்தி பாடலாம். அந்தத் தீவில் எனக்குப் பாடக் கிடைத்த மேடை அது ஒன்றுதான். யார் பாடுவது என்று சொல்வது சபை. முதல் வருஷம் என் குரலில், ஐந்து கட்டையில் பாடினேன். கூட்டம் நன்றாகக் கேட்டது. தலைவர் மட்டும் மைக்கைப் பிடித்து, ‘கொழந்தைக்கு ஞானம் இருக்கு. ஆனா கப்பல் சங்கு மாதிரி ஊதறா. பெரியவாளோட டேப்பைக் கேட்டு, அந்தக் கட்டையில சாதகம் பண்ணணும்’ என்றார். அடுத்த வருஷம் எனக்கு இடமில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. வேறு யாரையோ உட்காரவைத்தார்கள். அவருக்குப் பல்லவியும் தெரியாது, பக்கவாத்தியத்துக்குப் பயப்படவும் தெரியாது.

எனக்குப் பாட வேண்டும். அந்தப் பசி பாடுகிறவர்களுக்குத்தான் தெரியும். நாலு கட்டையில் குமிழை வைத்துச் சாதகம் செய்ய ஆரம்பித்தேன். காலையும் மாலையும் குரலைக் கீழே கீழே அழுத்தினேன். மேல் ஸ்தாயிக்கு வேலையே இல்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தவள் அந்தத் தீவிலேயே பிறந்த தமிழ்ப் பெண். பாட்டனார் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற குடும்பம். கர்நாடக சங்கீதம் என்றால் ஓடிப்போவாள். அவள் ஒருநாள் வேலிக்கு மேலாக, ‘க்யா தீதி, தபியத் சரியில்லையா? முன்னல்லாம் நல்லா உப்பர் போய்ப் பாடுவீங்க. இப்ப ஏன் நீச்சேயே நிக்கிறீங்க?’ என்று கேட்டாள். மேலே போகாமல் கீழேயே ஏன் நிற்கிறேன் என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு எனக்கு நவராத்திரியில் இடம் கிடைத்தது. நாலு கட்டையில் பாடினேன். கீழ்ப் பஞ்சமம் எனக்கே கேட்கவில்லை. மைக் கெட்டுவிட்டதென்று நினைத்து ஒருவர் வந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார். பாதிக் கூட்டம் சுண்டலுக்குப் போய்விட்டது. முன்வரிசையில் தலைவர் மட்டும் உருகினார். ‘இப்பதான் பாட்டு, இப்பதான் பாட்டு.’ அதற்கப்புறம் வருஷா வருஷம் எனக்குத்தான் அந்த இடம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், அந்தப் பாடகி அம்மாளே வருகிறார் என்று செய்தி வந்தது. சர்க்கார் செலவில் கலைப்பயணமாம். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. படகுத் துறைக்கு மாலையோடு போனார்கள். அம்மாள் இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, தம்புராக் குடம் கப்பலில் உடைந்துவிட்டது, இங்கே யாரிடமாவது சுருதிப்பெட்டி இருக்கிறதா என்பது.

தீவில் உருப்படியான பெட்டி என்னுடையது ஒன்றுதான். தலைவர் நெளிந்தார். ‘இருக்கும்மா, ஆனா அது ரீடு போனது’ என்றார். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். அம்மாள் ஐந்தில் வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அழுத்திக் கேட்டார். ‘சுத்தமா இருக்கே. யாரு பெட்டி? நல்லா வச்சிருக்கே’ என்றார். தலைவர் அந்த நேரம் பார்த்துக் கூரையில் ஒழுகுகிற இடத்தைப் பற்றித் தன் ஆபீஸ் ஓவர்சீயரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட ஹாலில் பகலில் கச்சேரி. அம்மாள் பாடினார். நான் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் நானும் அபிப்பிராயம் சொல்கிறவள் ஆகிவிடுவேன். சபையின் அபிப்பிராயத்தை மட்டும் சொல்கிறேன். எனக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். ‘வயசாயிடுத்து. கீச்சுன்னு ஆயிடுத்து. அவசரம் வேற’ என்றார் தலைவர். ‘டேப்புல இருந்த மால் இல்ல சார்’ என்றார் கான்ட்ராக்டர். அன்றைக்கும் தோடிதான். அந்த இடம் வரும் என்று தலைவர் விரலைத் தூக்கினார். வரவில்லை. அம்மாள் காந்தாரத்தில் சுத்தமாக நின்று, தாண்டிப் போய்விட்டார். தூக்கிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் காதைக் குடைந்துகொண்டார் தலைவர்.

சாயங்காலம் பங்களாவில் அம்மாளுக்கு விருந்து. பெட்டிக்காரி என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். சாப்பாடு ஆனதும் பீரோ திறந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். அம்மாளும் ஏதோ பூஜை என்று நினைத்து எழுந்து நின்றார். பல்பு சிவந்து அழ, தோடி ஓட ஆரம்பித்தது. அம்மாள் மரியாதையாகத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

‘நல்லா படிச்சவங்கதான் போல. யாரு இவங்க? உடம்பு சரியில்லாதப்ப பாடியிருக்காங்களா?’ என்றார்.

சம்பளத்தில் பெரியவர் முதலில் பேச வேண்டும். பெரியவர் சக்கரம் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த இடம் வந்தது. பழக்கதோஷத்தில் தலைவரின் விரல் மேலே போயிற்று. அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

‘அடப்பாவமே! இது நான்தான்!’ என்று சிரிக்க ஆரம்பித்தார். ‘இந்த இடத்துல எனக்கு விக்கல் வந்துச்சு. அன்னிக்கு மேடையில தண்ணி வைக்கல. மிருதங்கக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். உங்க ஊர்ல கரண்ட் எப்பவும் இப்படித்தானா? என்னை ஆம்பிளையாக்கிட்டீங்களே!’

என் கணவர் அவசரமாகக் கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார். விக்கலுக்கு அழுத மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பாதிச் சிரிப்பில் நினைவு வந்தது. அந்த விக்கல் நாடாவின் கட்டைக்குத்தானே நான் இத்தனை வருஷம் குரலை வெட்டி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் கப்பலுக்குப் போகும் வழியில் அம்மாள் ஜீப்பை நிறுத்தி, பெட்டியைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். பாடுவாயாமே, ஒரு ஆலாபனை பாடு என்றார். கை தானாக நாலுக்குப் போயிற்று. ‘அதென்ன நாலு? பேசுற குரலே அஞ்சுன்னு சொல்லுதே’ என்றார். ஐந்தில் வைத்தேன். நடு ஸ்தாயி வரைக்கும் வந்தது. மேல் ஷட்ஜத்தைத் தொட்டுக் காந்தாரத்துக்குப் போனபோது குரல் உடைந்தது. மறுபடி போனேன். மறுபடியும் உடைந்தது.

‘என்ன பண்ணினே குரலை?’ என்று கேட்டார். சொன்னேன். முந்தின நாள் அப்படிச் சிரித்தவர் இதற்குச் சிரிக்கவில்லை. வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தார். என் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு சபை வழக்கம்போலக் கூடியது. இனி இவர்கள் எந்த முகத்தோடு கூடுவார்கள் என்று நான் நினைத்தது என் அறியாமை. தலைவர் சொன்னார்: ‘பெரியவாளுக்குத் தான் என்ன பாடினோம்னு தனக்கே தெரியாது. அது தெய்வம் வந்து பாடறது. விக்கல்னு அவா சொல்லலாம். நமக்கு அது சங்கீதம்.’ கான்ட்ராக்டர் ஆமோதித்தார். ஓவர்சீயர் ஆமோதித்தார். தோடி நாலு கட்டையில் ஓடியது. விரல் மேலே போயிற்று.

நவராத்திரி வந்தது. ஐந்து கட்டையில்தான் பாடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். கணவர் ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில், ‘ரெண்டு பேருக்கும் பொதுவா நாலரைன்னு வச்சுக்கலாமே’ என்றார். ஆபீஸ் ஃபைல் என்று நினைத்துவிட்டார்.

கோயிலில் ஐந்தில் வைத்தேன். முன்வரிசை முகங்கள் மாறின. நான் தோடியையே எடுத்துக்கொண்டேன். நடு ஸ்தாயியில் என் குரல் எனக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. எவ்வளவு காலம் கழித்து! மேலே போனேன். காந்தாரத்தில் உடைந்தது. ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. நிறுத்தவில்லை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன், திரும்பத் திரும்ப உடைந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி கடைசி வரிசையில் சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரமும் அதே கட்டையில் பாடி முடித்தேன்.

தலைவர் மைக்குக்கு வந்தார். ‘பாவம், கொழந்தைக்குக் குரல் போயிடுத்து’ என்றார்.

என் முன்னாலிருந்த மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. ‘ஆமா சார். உங்க மிஷின்லதான் போச்சு. எல்லா ஞாயித்துக்கிழமையும் நீங்களும்தான் கேட்டீங்க’ என்றேன்.

அந்த வருஷக் கடைசியில் கணவருக்குக் கார் நிக்கோபாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவர் என்னோடு வெகுநாள் பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. அங்கே சபை கிடையாது, ரசிகர்கள் கிடையாது. தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து கட்டையில் சாதகம் செய்தேன். மேல் ஷட்ஜம் திரும்ப வந்தது. பஞ்சமம்கூட ஒரு மாதிரி வந்தது. காந்தாரம் மட்டும் முழுசாக வரவே இல்லை. அந்த ஸ்வரத்துக்குப் போகும்போது தொண்டை ஒரு கணம் அறுபட்டு, கொஞ்சம் வழுக்கி, அப்புறம்தான் நிற்கும். எத்தனையோ வருஷமாக அது அப்படியேதான் இருக்கிறது.

மதுரைக்குத் திரும்பிய பிறகு சின்னச் சின்னக் கச்சேரிகள் பாடினேன். போன மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவராம். என் பழைய கச்சேரிப் பதிவு ஒன்று அவரிடம் இருக்கிறதாம், நண்பர்களோடு சேர்ந்து கேட்பார்களாம். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ‘அந்தத் தோடியில காந்தாரத்துக்கிட்ட ஒரு இடம் வரும் பாருங்க, குரல் அப்படியே அறுந்து, வழுக்கி... அதை எங்கம்மா பிடிச்சீங்க?’ என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடி, ஆட்காட்டி விரலைத் தூக்கினார்.

நான் எழுந்து காபி போடப் போனேன்.